ஓ.ஜி. சபிதா

தக்கலை பஸ்ஸிலிருந்து ஊர் முக்கில் இறங்கிய சபிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்க்காமலே போயிருக்கலாம். டீக்கடையை மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் இந்திய ஜெர்சியில் அவள். கீழே கொட்டை எழுத்தில், "இந்தியாவுக்காகக் கோல் அடித்த எங்கள் ஓ.ஜி. சபிதா!"

பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணி வெளிநாட்டில் மூன்று ஆட்டம் ஆடி, மூன்றிலும் தோற்றுத் திரும்பியிருந்தது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அடிக்காத கோலுக்குத்தான் இவ்வளவு வாழைத்தோரணம்.

எல்லாம் ரதீஷின் வேலை. ஊர் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர், ஆனால் பந்தைத் தொட்டதைவிட மைக்கைத் தொட்டதுதான் அதிகம். போனில் ஆட்ட முடிவைப் பார்த்தபோது, கோல் போட்டவர்கள் வரிசையில் சபிதாவின் பெயரும், பக்கத்தில் ஓ.ஜி. என்ற இரண்டு எழுத்தும் அவன் கண்ணில் பட்டிருக்கின்றன. இப்போது பையன்கள் வாயில் ஓ.ஜி. என்றால் அசல் கெத்து, அசைக்க முடியாத ஆள். வெளிநாட்டுக்காரனே நம்ம பிள்ளையைப் புகழ்ந்துவிட்டான் என்று குதித்திருக்கிறான். பெயர் எந்த அணியின் பக்கம் கிடக்கிறது என்று எவன் பார்த்தான்? அது ஓன் கோல். சொந்த வலையில் போட்ட கோல். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? ஊரே நம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தாணுவிடம் உள்ளதைச் சொன்னாள். தன் பெயின்ட் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்திருந்த மனிதர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருட்டயும் சொல்லாண்டாம் மக்ளே. பொம்பளப் பிள்ள கால்சட்டை போட்டு ஓடப்பிடாதுன்னு உனக்க பெரியப்பா எத்தன தடவ சண்டைக்கு வந்தாரு? இந்தக் கோலுலதான் அவருக்க வாய் அடைஞ்சிருக்கு. தெரிஞ்சா அடுத்த கேம்புக்கு உன்ன விடமாட்டாரு. நானும் அவர எதுத்துப் பேசமாட்டேன். கேட்டியா?"

சபிதாவுக்குக் கேட்டது. இந்திய அணியின் அடுத்த பயிற்சிக் கேம்புதான் அவளுக்கு மூச்சு. வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலம் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்திய கையோடு பெரியப்பா பகவதியப்பன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம குடும்பத்துப் பிள்ள கோல் போட்டுட்டா. மத்தவளுவ என்னத்துக்குப் போனாளுவ? ஏரோப்ளேன்ல ஏறதுக்கா? அந்தக் கோல்கீப்பர் பிள்ளைக்குக் கை இருக்கா இல்லையா?"

கூட்டம் சிரித்தது. சபிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோல்கீப்பர், மணிப்பூர்க்காரி, விரல் எலும்பு முறிந்தும் கையுறைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி வரை நின்றவள். பொய்யை விழுங்கலாம். இதை எப்படி விழுங்குவது? எழுந்துபோய் மைக்கை வாங்கினாள்.

"நான் கோல் அடிக்கல்ல. ஓ.ஜி.ன்னா ஓன் கோலு. நம்ம வலையிலதான் போட்டேன்."

ரதீஷ் மேடைக்குப் பின்னால் நழுவினான்.

"கீப்பர் விழுந்து தடுத்தா. பந்து பின்னயும் வலையப் பாத்து உருளுது. நான் நடு மைதானத்துல இருந்து ஓடி வந்து கால நீட்டினேன். முட்டுல பட்டு உள்ள போயிட்டு. ஓடாம நின்னிருந்தா எனக்குக் கெட்ட பேரு வந்திருக்காது. இனியும் அப்படி ஒரு பந்து உருண்டா நான் ஓடத்தான் செய்வேன். எனக்க டீமப் பாத்து இங்க யாரும் சிரிக்காண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பாவின் முகம் சுண்டிப்போனது.

"மூணு ஆட்டமும் தோத்தாச்சு. போட்ட ஒரு கோலும் நம்ம வலையில. இனி என்னத்துக்குட்டி அங்கோட்டு போணும்?"

"எனக்க பேரு இப்பம் அவங்க பக்கத்துல கெடக்கு பெரியப்பா. அத நம்ம பக்கத்துக்குக் கொண்டு வரண்டாமா?"

பகவதியப்பன் தம்பியைப் பார்த்தார். அண்ணன் முன்னால் குரல் உயர்த்தி அறியாத தாணு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அவ போவா அண்ணே" என்றார்.