இன்னெஸ்ஸாவைத் தூக்கிய கைகள்

ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில் கிழவர் ரொடியோன் அர்கிப்பவிச் சொல்வதை யாரும் நம்புவதில்லை. தப்பு அவர் மேல்தான். ஒருமுறை பாலே மேடையில், பேர்பெற்ற ஆட்டக்காரி இன்னெஸ்ஸாவை உயரே தூக்கியபோது, வாத்தியக் குழுவை நடத்துகிறவருக்குத் தும்மல் வந்து இசை நின்றுவிட்டதாம். அவர் தும்மி முடித்து, மூக்கைத் துடைத்து, டீயும் குடித்துவிட்டு வரும்வரை இவர் அவளை இறக்கவில்லையாம். அவள் மேலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்தாளாம். இப்படி அளந்துகொண்டிருந்தால், அவளோடு ஜோடியாக ஆடியவன் நான் என்று அவர் சொல்வதை மட்டும் எந்த மடையன் நம்புவான்?

இன்னெஸ்ஸா போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். அவளைப் பற்றிய ஆவணப்படம் திரையிட்ட அன்று, அடுத்த வீட்டு க்ளாவ்தியாவைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். படத்தில் இன்னெஸ்ஸா வாயால் தன் பெயரை ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டியதில்லை.

“அவ உன் பேரைச் சொல்லட்டும், அர்கிப்பிச், நான் இங்கேயே எழுந்து ஆடறேன்,” என்றாள் க்ளாவ்தியா.

“ஆடிடாதே க்ளாவா. கட்டடம் பழசு.”

விளக்கு அணைந்தது. திரையில் இன்னெஸ்ஸா பறந்தாள். அவள் இடுப்புக்கு இரண்டு கைகள் வந்தன, தூக்கின, போயின. முழங்கைக்கு அப்பால் ஆளே இல்லை. ரொடியோன் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ஜோடிக்காரன் கண்ணில் படாமல் இருப்பதுதான் திறமை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

பிறகு வயதான இன்னெஸ்ஸா வந்தாள், மடியில் பூனையோடு.

“அவ்வளவு உயரத்துலேருந்து விழுந்துடுவோம்னு பயமே இல்லையா?” என்று ஒரு குரல் கேட்டது.

“எதுக்குப் பயம்? பிடிச்சுக்க அவன் இருந்தானே.”

“யாரு?”

ரொடியோன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னெஸ்ஸா பூனையைத் தடவினாள். அவள் முகம் மலர்ந்தது.

“நல்ல பையன். கை எப்பவும் கதகதன்னு இருக்கும். பேரு... அட, நாக்கு நுனியிலே நிக்குது, வர மாட்டேங்குது.” சிரித்தாள். “போகட்டும் விடு.”

படம் அவளுடைய பதக்கங்களுக்குப் போய்விட்டது. க்ளாவ்தியா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

முடிந்ததும் படமெடுத்த பெண் மேடையேறினாள். “அவங்களோட ஜோடியா ஆடினவங்க நிறையப் பேர். அந்தக் கதகதப்பான கை யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியலை. இங்கே யாருக்காவது தெரியுமா?”

க்ளாவ்தியா அவர் விலாவில் இடித்தாள். “எழுந்து சொல்லேன்! நான் நம்பறேன், போதுமா?”

ரொடியோன் எழுந்தார்.

“எனக்குத் தெரியும்மா. ஓம்ஸ்க் ஊர்க்காரன், சேவெலின்னு பேரு. கரடி மாதிரி ஆளு. ஒரு கையாலே அவளைத் தூக்கிக்கிட்டே மறு கையாலே சிகரெட் பத்த வைப்பான். செத்துப்போயிட்டான்.”

அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“அவருக்கு அவங்க மேலே பிரியமா?”

“உசிரையே வெச்சிருந்தான்.”

“அவங்ககிட்டே சொன்னாரா?”

“ஆடும்போது பேசக்கூடாதும்மா.”

உட்கார்ந்தார். க்ளாவ்தியா கைக்குட்டையை நீட்டினாள். அதை வாங்க அவருக்குக் கை எழவில்லை.