தாள் விடும் இடம்

மோட்டார் சைக்கிளின் கிக்கரை மாமனார் ஓங்கி மிதித்தார். அது பாதி வழி போய், போன வேகத்திலேயே திரும்பி வந்து அவர் கணுக்காலில் அறைந்தது.

“அடப்பாவி!” ஒற்றைக் காலில் நொண்டியபடி சுவரைப் பிடித்துக்கொண்டார். “முப்பது வருஷம் நான் உதைச்சதுக்கெல்லாம் சேர்த்து இன்னைக்குத் திருப்பித் தருது மாப்ள.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“நெருப்பு முந்தி விழுது. டைமிங் யாரு வச்சா?”

“நான்தான் மாமா.”

“படிச்சவன் வச்ச லட்சணம்! கழட்டு.”

வைத்தது அவருடைய மகள்.

துருப்பிடித்துக் கிடந்த அவரது பழைய வண்டியைக் கல்யாணத்துக்குப் பிறகு அவள்தான் கேட்டு வாங்கி வந்தாள். ஞாயிறுதோறும் இருவரும் வாசல் கொட்டகையில் அதைப் பிரித்துப் பூட்டினார்கள். டைமிங் அவள் பொறுப்பு. சேர்ந்தும் பிரிந்தும் இயங்கும் பாயிண்டின் இடுக்கில் மெல்லிய தாளைச் செருகி நுனியைப் பிடித்திருப்பாள். அவன் பின்சக்கரத்தை இம்மி இம்மியாக உருட்டுவான். பாயிண்ட் திறந்து தாள் நழுவும் நொடியில்தான் பிளக்கில் நெருப்புப் பொறி விழும். “விட்டுடுச்சு” என்பாள். அவன் நிறுத்திவிட்டு, கழற்றிய பிளக்கின் துளையில், பிஸ்டனோடு சேர்ந்து ஏறி நிற்கும் கம்பியைப் பார்ப்பான். கம்பியின் கீறல் துளை விளிம்போடு பொருந்தினால் சரி.

அவளுக்குப் பொறுமை கிடையாது. தாளை வெடுக்கென்று இழுத்துவிட்டு “விட்டுடுச்சு” என்பாள். கடைசி ஞாயிறும் அப்படித்தான். கீறல் விளிம்புக்கு இன்னும் வரவில்லை, நெருப்பு முந்தி விழும் என்று அவனுக்கு அன்றே தெரியும். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு அவள் இல்லை.

காரியம் முடிந்து எட்டு மாதமாகிறது. அவள் உடைகளை அவள் தங்கை எடுத்துப் போனாள். அவள் அலமாரியில் இப்போது அவன் சட்டைகள் இருக்கின்றன. இந்த வீட்டில் அவள் கை வைத்தபடியே இருப்பது பாயிண்டைத் தாங்கும் பிளேட்டின் இரண்டு திருகுகள்தான்.

“ஒரே ஒரு தடவை வண்டிச் சத்தம் கேட்டுட்டுப் போயிடறேன்” என்று காலையில் வந்தவர் மாமனார். கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. உங்கள் பெண் செய்த வேலைதான் என்று அந்தக் காலைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அவன் திருகுகளைத் தளர்த்தினான்.

பிளேட்டை மயிரிழை நகர்த்திவிட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் குந்தினான். மாமனார் தாளைப் பிடித்துக்கொண்டார். உருட்டினான்.

விட்டுடுச்சு.

நிறுத்தினான்.

“ஏன்ப்பா நின்னுட்ட? தாள் இறுக்கமா இருக்கு.”

“நீங்க சொன்ன மாதிரி இருந்துச்சு மாமா.”

“நான் வாயே தொறக்கலையே.”

மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில், இடது தோளுக்கு ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் சலிப்போடு: விட்டுடுச்சு. கை தானாக நின்றது. அவள் விட்ட இடம் அது.

“காதுல என்ன வச்சிருக்க? நான் சொல்ற வரைக்கும் உருட்டு.”

மூன்றாம் முறை அவள் குரலைக் கேட்டுக்கொண்டே சக்கரத்தைத் தள்ளினான். அரை அங்குலம்கூட இருக்காது. தோள் வலித்தது.

“விட்டுடுச்சு!” என்று கத்தினார் மாமனார். கீறல் விளிம்போடு பொருந்தி நின்றது. “இப்ப திருகை முடுக்கு.”

முடுக்கினான். முடுக்கும்போது பிளேட் கொஞ்சம் அசையும். அதனால் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். தாளைச் செருகினார்கள். உருட்டினான்.

பழைய இடம் வந்தது. கை தளர்ந்து நின்றது. காது கொடுத்தான். பக்கத்து வீட்டில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். மாமனார் மூச்சு விடும் சத்தம். வேறு ஒன்றுமில்லை.

“இப்ப யாரு சொன்னான்னு நிக்கிற?”

“யாரும் சொல்லல மாமா.”

“அப்புறம் என்ன? தள்ளு.”

இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு தள்ளினான்.