அடுப்பு எரிந்தால் குளிரும் பெட்டி

1

இந்தக் கதை என் வீட்டு ஃபிரிட்ஜ் செத்த அன்று பிறந்தது. மலைமக்கள் மீது அக்கறை, அறிவியல் ஆர்வம் என்று பெருமையாக ஏதாவது காரணம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? கள்ளக்குறிச்சியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறவனுக்கு ஃபிரிட்ஜ் என்பது தயிர் வைக்கிற சாமான் மட்டும் இல்லை. வீட்டில் என்னைத் தவிர முனகிக்கொண்டிருக்கிற இன்னொரு ஆள் அது. அது நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது.

பழுது பார்க்க ஆள் வரும்வரை சும்மா இருக்க முடியாமல், குளிர் எப்படித்தான் உண்டாகிறது என்று படிக்க உட்கார்ந்தேன். எங்கெங்கோ சுற்றி உலோக ஹைட்ரைடு என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். சில உலோகக் கலவைகளைப் பொடியாக்கி வைத்தால், பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல அவை ஹைட்ரஜன் வாயுவைக் குடிக்குமாம். குடிக்கும்போது சூடாகும். குடித்ததை வெளியே விடும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு சில்லிட்டுப் போகும். இப்படிப் பொடி அடைத்த இரண்டு குப்பிகளைக் குழாயால் இணைத்து, ஒன்றை நெருப்பில் காயவைத்தால் அதிலிருக்கும் வாயு மற்றதற்குள் போய்விடும்; எடுத்து ஆறவிட்டால், அது மற்றதிலிருந்து வாயுவைத் திரும்ப உறிஞ்சும். அந்த மற்றது குளிரும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம், சத்தமும் வராது.

விட்டுக்கொடுக்கிற பக்கம்தான் குளிர்ந்துபோகும் என்று புரிந்ததும் எழுந்துபோய் ஒரு டீ போட்டேன். கதை எழுதுகிறவன் கையில் இப்படி ஒன்று சிக்கினால் சும்மா இருப்பானா?*

* இருக்கவில்லை. அதை வைத்து ஒரு காதல் கதை எழுதினேன். இரண்டாம் பக்கத்திலேயே எனக்குப் பல் கூசியது. கிழித்துப் போட்டேன்.

2

தொடக்கங்கள் சில.

"மேகங்கள் வெள்ளிமலையைத் தழுவிக்கொண்டிருந்த ஒரு மாலையில் சிவரஞ்சனி" (வேண்டாம். வெள்ளிமலைக்குப் போகிறவர்களுக்கு மேகம் கவலை இல்லை, திரும்பிவர பஸ் இருக்குமா என்பதுதான் கவலை.)

"ஹைட்ரஜன் என்பது உலகிலேயே மிக இலேசான" (பள்ளிக்கூடம்.)

"ராஜாங்கத்திடம் இருந்த எல்லாப் பெட்டியிலும் அன்றைக்கு யாராவது படுத்திருந்தார்கள்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

ராஜாங்கம் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும்வரை உடலைக் கெடாமல் வைத்திருக்கிற, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. கள்ளக்குறிச்சியில் அவர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் சிவரஞ்சனி தன் இயந்திரத்தோடு இருந்தாள். ரிஷிவந்தியத்துப் பெண். சென்னையில் ஹைட்ரைடு ஆராய்ச்சி செய்துவிட்டு, அதை வைத்து மலை வீடுகளில் மருந்தும் பாலும் கெடாமல் வைக்க ஒரு பெட்டி செய்வேன் என்று ஊர்ப்பக்கம் திரும்பியவள்.

கல்வராயன் மலையில் வீடு வீடாக ஏறி இறங்கி அவள் ஒன்றைக் கண்டுகொண்டாள். எந்த வீட்டில் எது இல்லாவிட்டாலும் கொடியடுப்பு இருக்கும். பெரிய வாயில் சாமைச் சோறு வேகும்போது, பக்கத்துச் சின்னக் குழியில் சூடு வீணாகப் போய்க்கொண்டிருக்கும். அந்தக் குழியில் அளவாக உட்காருகிற மாதிரி தன் குப்பியைச் செய்தாள். தினமும் எரிகிற அடுப்பு. அதன் வீண்சூட்டில் குளிர். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அருமை என்றார்கள். அருமை என்று சொன்னவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

(ஒரு வரைவில் அவளுக்குக் கணவனைக் கொடுத்துப் பார்த்தேன். அவன் பக்கத்துக்குப் பக்கம் ஃபோன் போட்டு "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எடுத்துவிட்டேன். அவன் போனபிறகு அவள் கொஞ்சம் இளைத்துவிட்டாள். நான் தனியாக இருப்பதால் அவளையும் தனியாக வைத்துக்கொண்டேனா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.)

3

காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் மலையில் கரண்ட் கம்பிகள் அறுந்து கிடந்த நாள். மத்தியானம் ராஜாங்கம் கொட்டகைக்குள் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, உன் சாமானு ஒரு ஆளைக் குளிர வைக்குமா?"

"எந்த ஆளைண்ணே?"

"செத்த ஆளுதான். உசுரோட இருக்கிறவன் எங்கிட்ட எதுக்கு வர்றான்?"

வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊர். செல்லன் என்கிற பெரியவரின் மனைவி வெள்ளச்சி விடியும் முன்னே இறந்துபோயிருந்தாள். மகன் ராஜதுரை குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். அவன் வந்து முகம் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்று செல்லன் ஜீப்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அங்க கரண்ட் இல்ல. ஜெனரேட்டரு மணலூர்பேட்டைல ஒரு கல்யாணத்துல ஓடிக்கினு இருக்குது. நல்ல பொட்டி எல்லாம் வெளிய போயிருக்குது, மோட்டாரு செத்த பழசு ஒண்ணுதான் சும்மா கெடக்குது. அதுல உன் குப்பிய மாட்டிப் பாப்பமா?"

மாட்டினாள். இரண்டு ஜோடிக் குப்பிகள். ஒரு ஜோடி அடுப்பில் காயும்போது இன்னொரு ஜோடி பெட்டியைக் குளிர்விக்கும். பிறகு மாற்றிப் போட வேண்டும். ஜீப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறும்போது அவள் தன்னை அறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்தாள். செத்துப்போன ஒருத்தியை நினைத்து இப்படிச் சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

4

செல்லன் வீடு ஒரே அறை. மூலையில் கொடியடுப்பு. ஊர் ஜனம் உள்ளேயும் தாழ்வாரத்திலுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. வெள்ளச்சியைப் பெட்டியில் கிடத்தினார்கள். சிவரஞ்சனி குப்பியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. சுத்தமாக வாரியிருந்தார்கள்.

"இன்னா பண்ணப்போற?" என்றார் சடையன். ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர்.

"அடுப்பு மூட்டணுங்க. அப்பத்தான் பெட்டி குளிரும்."

"பொணம் கெடக்கிற வூட்ல அடுப்பா?"

கையில் குப்பியோடு அவள் அப்படியே நின்றாள். இது அவளுக்குத் தெரியாததா? ரிஷிவந்தியத்தில் அவள் அப்பா இறந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்துதான் இட்லி வந்தது. உடலை எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எத்தனை வெப்பம், எத்தனை அழுத்தம், எந்த விறகுக்கு எவ்வளவு சூடு என்று எல்லாம் பார்த்தவள், தினமும் எரிகிற அடுப்பு எரியாத ஒரே நாளுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "சாவு வூட்லயே பொழப்ப ஓட்டறவன் நானு. ஒரு நாளாவது அந்த வூட்டு அடுப்புல போட்ட டீ குடிச்சிருப்பனா? எனக்கே தோணல பாரும்மா."

(வெளியே மூன்று கல் கூட்டி மூட்டலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. அதனால்தான் மழையை நிறுத்தவில்லை. பக்கத்து வீடு? செல்லன் வீட்டைச் சாமைக் கொல்லை ஓரத்தில் ஒற்றையாக வைத்துவிட்டேன். குழாயும் இரண்டு முழம்தான். கதாசிரியனின் அராஜகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

செல்லன் எழுந்து வந்தார். "நகரு. நான் பத்த வைக்கிறேன்."

"செல்லா, ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். என் புள்ள வந்துகினு இருக்கான். அவன் அம்மா மொவத்த அவன் பாக்கணுமா வேணாமா?"

அடுப்பு மூட்டிப் பழகாத கை. தீக்குச்சிகள் நமத்திருந்தன. புகைதான் வந்தது, நெருப்பு வரவில்லை. சிவரஞ்சனி மண்டியிட்டு அவரோடு சேர்ந்து ஊதினாள். தீ பிடித்தபோது திரும்பிப் பார்த்தால் வீடு காலியாகிக்கொண்டிருந்தது. யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள்.

(சடையனைக் கெட்டவராக எழுதக் கை அரித்தது. ஆனால் போகும்போது அவர் கொண்டுவந்திருந்த கஞ்சித் தூக்கைத் தாழ்வாரத்தில் வைத்து, மழைச்சாரல் படாமல் முறத்தால் மூடிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.)

ராஜாங்கம் ஜீப்பில் போய்ச் சுருண்டுகொண்டார். சிவரஞ்சனி காய்ந்த குப்பியைத் தண்ணீரில் ஆறவைத்துக் குழாயின் திருகைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மூடியில் பனி படர்ந்தது. இயந்திரம் வேலை செய்தது. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவள் நினைத்தபடியே வேலை செய்தது. கத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்ல அங்கே செல்லன்தான் இருந்தார். அவர் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு மூடியில் படர்ந்த பனியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார், முகம் தெரிய வேண்டும் என்று.

5

மறுநாள் காலை மழை தூறலானது. சடையன் வாசலுக்கு வெளியே நின்றே கேட்டார். "பையன் எங்க வர்றான்னு கேட்டுச் சொல்லும்மா. குழி எப்ப வெட்டறது?"

ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் சிக்னல். சிவரஞ்சனி வழுக்கி வழுக்கி ஏறி, ராஜதுரை எண்ணுக்குப் போட்டாள்.

"எங்க வந்துகினு இருக்கீங்க? இங்க உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம்."

 "எனக்காவவா? நான் ஆஸ்பத்திரில கெடக்கிறேங்க. மெளகு ஏணிலேர்ந்து விழுந்து கால் ஒடிஞ்சிபோச்சி. நேத்து காலைலயே அப்பா ஃபோன் பண்ணாரு. வர முடியாதுப்பா, எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேனே. சரிடான்னாரு."

நேற்றுக் காலை. பெட்டிக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னால்.

"இன்னும் எடுக்கலீங்களா?" என்று அவன் அழ ஆரம்பித்தான்.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?"

"வேணாங்க. எனக்கு அம்மா சிரிக்கிற மொவமே இருக்கட்டும். அப்பாவ யாராவது பாத்துக்கினு இருக்காங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்கோங்க" என்றாள்.

6

செல்லன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். விறகைத் தள்ளிவிட்டபடி, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"இன்னா சொன்னான்?"

இந்த இடத்தில் நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். "அய்யா, எனக்குத் தெரிஞ்சிபோச்சு" என்று ஒரு பதில் எழுதினேன். கோர்ட்டுபோல இருந்தது. "வந்துகிட்டே இருக்காராம்" என்று எழுதினேன். அந்தப் பொய்யை அவள் சொல்லமாட்டாள். கடைசியில் அவளையே கேட்டேன். அவள் சொன்னது இது:

"சிக்னல் கெடைக்கலங்க."

செல்லன் நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பாறைல எப்பவும் கெடைக்குமே."

அவள் குனிந்து, ஆறிப்போன குப்பியை எடுத்து மறுபடி குழியில் உட்காரவைத்தாள். அவர் வெகுநேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடலாம், யம்மா. எடுக்கிறது பெரிசில்ல. குழில வெச்சிட்டு, குளிச்சிட்டு, திரும்பி இந்த வூட்டுக்குள்ள வரணுமில்ல? உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. அத நெனச்சா எனக்கு பயமா இருக்குது."

சிவரஞ்சனிக்குத் தகரக் கொட்டகையின் பூட்டு நினைவுக்கு வந்தது. தினமும் அதைத் திறந்து உள்ளே போகும்போது தானாகவே ஒரு இருமல் இருமுவாள், யாரோ இருப்பதுபோல. அதை அவரிடம் சொல்லவில்லை. விறகை உள்ளே தள்ளினாள்.

7

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

ஒன்றில் விறகு தீர்ந்துவிடுகிறது. (மலையில் விறகு தீருமா? அடித்துவிட்டேன்.)

இன்னொன்றில் குப்பியில் கசிவு, நீலத் தீ, (சிவரஞ்சனி அப்படியெல்லாம் கசிகிற மாதிரி செய்கிறவள் இல்லை. என்னைவிட அவளுக்குத் தொழில் சுத்தம்.)

மூன்றாவதில் சடையன் உள்ளே வந்து உட்கார்ந்து, "போதும் செல்லா" என்கிறார். அவரும் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து வெள்ளச்சியை

அந்த வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல்தான் பாக்கி. எடுத்தார்கள். அதை எழுதக் கை வரவில்லை. எழுதினால் கதை முடிந்துவிடும். செல்லன் குளித்துவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்புவார். நான் எழுந்து இந்த வீட்டுக்குத் திரும்புவேன். சிவரஞ்சனி, ராஜாங்கம், ஜீப், மழை எல்லாம் கிளம்பிப் போய்விடும். இன்று காலை ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து கதவைத் தட்டினான். நாளைக்கு வாப்பா என்று அனுப்பிவிட்டேன். வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று காரணம் சொன்னேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஆனால் வைத்துக்கொண்டே இருக்க முடியாது. அது எனக்கும் தெரியும், செல்லனுக்கும் தெரியும். அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் பிளந்த விறகு கிடக்கிறது. இன்னும் ஒன்று வைப்பதானால் வையுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். போதும் என்று தோன்றினால் வாசலுக்குப் போய்ச் சடையனைக் கூப்பிடுங்கள். தூறலில் நின்றுகொண்டுதான் இருக்கிறார். எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எடுத்துவிட்டுத் திரும்பும்போது செல்லனோடு கூடவே நடந்து வாருங்கள். வாசலில் கால் கழுவியதும் போய்விடாதீர்கள். அவருக்கு முன்னால் நீங்கள் உள்ளே போய், அந்த அடுப்பை மூட்டி வையுங்கள்.