ஐந்நூறு வருசத்துச் சாவி

வில்பட்டியிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வந்து இறங்கும்போது காளியாயி இந்த நூற்றாண்டில்தான் இருப்பாள். கஞ்சி போட்ட சேலை, ஸ்வெட்டர், கழுத்தில் ‘வாழும் வரலாறு - ஹெரிடேஜ் எக்ஸிகியூட்டிவ்’ என்று அச்சடித்த ஐடி கார்டு. ஒன்பதரைக்கெல்லாம் ஐந்நூறு வருசம் பின்னால் போய்விடுவாள். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கண்டாங்கிச் சேலைக்கு மாறி, அள்ளிச் செருகி, கன்னத்தில் ரெண்டு கோடு கரி இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இந்த மலையில் குளிரே இருந்ததில்லை போலிருக்கிறது.

‘வாழும் வரலாறு’ என்ற அந்த இடத்தை நடத்துகிற சண்முகராஜ், பழனி அடிவாரத்தில் மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் விற்ற குடும்பம். மலையேறியதும் சரித்திர ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். ஆராய்ச்சியில் கிடைத்தது நாலு கூரைக் குடிசை, ஒரு திரிகை, ஒரு முறம் நிறைய கேரட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து பார்த்துவிட்டுப் போகும்.

“கேரட்டு வெள்ளைக்காரன் கொண்டாந்ததுங்க சார். எங்க தோட்டத்துலயே போடுறோம், எங்களுக்குத் தெரியாதா?” என்று காளியாயி முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

“போட்டோவுக்குக் கலர் வேணும்மா. நீ திரிகையச் சுத்து.”

சுற்றினாள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஐந்நூறு வருசத்துக்கு முந்தியவளுக்கு இன்றைய சங்கதி எதுவும் தெரியக்கூடாது, இன்றைய ஆள் யாரையும் தெரியக்கூடாது. தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

இதெல்லாம் மகள் பிரியாவுக்குத் தெரியாது. எட்டாவது படிக்கிற அந்தப் பிள்ளை, ஐடி கார்டைப் பார்த்துவிட்டு, அம்மா ஏசி ரூமில் கம்ப்யூட்டர் தட்டுவதாக வகுப்பு முழுக்கத் தமுக்கடித்துவிட்டது. காளியாயியும் இல்லையென்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளை பெருமையாக நிமிர்ந்து பார்க்கும்போது எந்தத் தாய்க்கு வாய் வரும்?

இன்று பதினொரு மணிக்கு வந்து நின்றது பிரியாவின் பள்ளிக்கூட பஸ். ஏரிக்கென்று கிளம்பியவர்களாம். அங்கே கூட்டம் என்று வண்டியை வரலாற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

“எங்கம்மா ஆபீஸ் இதுதான்டி,” என்று தோழிகளுக்குக் காட்டிக்கொண்டே முதல் ஆளாக வந்த பிரியா, குடிசை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

காளியாயி திரிகையை வேகமாகச் சுற்றினாள். தெரியாத மாதிரி போயிரு தாயி என்று மனசுக்குள் கெஞ்சினாள். நிசமாகவே அப்படிப் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

“ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்க,” என்றார் ஜோதிமணி டீச்சர்.

“ஆன்ட்டி, நீங்கல்லாம் குளிப்பீங்களா?” என்றான் ஒரு வருங்கால கலெக்டர்.

“அருவியில குளிப்போம்,” என்று பாடம் பண்ணியதை ஒப்பித்தாள் காளியாயி.

பிரியாவின் முறை வந்தது. காளியாயி திரிகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அம்மா, பக்கத்து வீட்டு ராக்காயி அத்தை ஊருக்குப் போயிருச்சாம். வீட்டுச் சாவிய யார்ட்டக் குடுத்த?”

“வெரி குட்,” என்று டீச்சர் கை தட்டினார். “எப்படி ஒன்றிப் போய் அம்மான்னே கூப்புடுறா பாருங்க.”

சண்முகராஜ் விடுவாரா? “அந்தக் காலத்துல திருட்டு இல்ல. அதனால பூட்டு இல்ல, சாவியும் இல்ல. எழுதிக்குங்க.” நாற்பது பிள்ளைகளும் குனிந்து எழுதினார்கள்.

பிரியா மட்டும் எழுதவில்லை. “எங்க வீட்டுல பூட்டு இருக்குங்க சார். இது எங்கம்மா. நிசமான அம்மா.”

சண்முகராஜ் காளியாயியை முறைத்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சோலி நிலைக்கும். காளியாயி திரிகையை நிறுத்தினாள்.

“தண்ணித் தொட்டி மேல, சோப்பு டப்பாக்குள்ள கெடக்கு,” என்றாள். “சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கேஸ் தீந்துபோச்சுன்னு வெறகடுப்புக்கிட்டப் போகாத.”

“நீ வீட்டுக்குப் போலாம்மா,” என்றார் சண்முகராஜ்.

“சாவி இருக்குற எடத்தத்தான் சொல்லிட்டேனே சார். போறேங்க.”

பிரியா கிட்டே வந்து, கைக்குட்டையால் அம்மா கன்னத்துக் கரியைத் துடைத்தாள். அது போகாமல் காதுவரை பரவியது.

“ஏசி ரூமு எங்கம்மா?” என்றாள் மெதுவாக.

“ஊரு பூராவும் ஏசிதான தாயி,” என்று சொல்லிவிட்டு, காளியாயி ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.