சாமியாருக்கு எடுத்த மொட்டை

பாப்பாயிக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று நாமகிரிப்பேட்டையில் பேசிக்கொள்வார்கள். அபாண்டம். காரணம் எப்போதும் இருந்தது, காதுகொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப்போன மகன் மயில்சாமி சொன்ன நாளில் வந்து சேரவில்லை. வேகவைத்த மஞ்சளை ஒற்றை ஆளாகக் களத்தில் பரப்பிப் பரப்பி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று கருவிக்கொண்டிருந்தாள்.

வந்தது மகன் இல்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பத்துப் பெண்கள் ஓலமிட்டபடி மூங்கில் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவள் அங்கம்மாள், பாப்பாயி புருஷனுக்கு அக்கா, அவளுக்கு நங்கையா. அத்தனை பேரும் மஞ்சளை மிதித்துத் துவைத்துக்கொண்டு வந்து பாப்பாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

"மஞ்சளு, மஞ்சளு! பார்த்து வாங்க! யாருக்கு என்ன ஆச்சுங்க நங்கையா?"

"உனக்கு இன்னும் சேதி வரலியா? நம்ம சாமியார் போயிட்டானே பாப்பாயி! எந்தம்பி போயிட்டானே!"

சாமியார் என்றால் அந்த ஊரில் ஒரே ஆள்தான், பாப்பாயியின் புருஷன் அப்புசாமி. மயில்சாமி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு விடியற்காலை, கட்டிய துணியோடு போனவர். திருவண்ணாமலையில் காவியோடு பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ஊருக்கே பெருமை பிடிபடவில்லை. இவளைப் புண்ணியவதி என்றார்கள். அவள் வாய்விட்டு அழப்போனபோது இதே அங்கம்மாள்தான் வாயைப் பொத்தினாள். சாமியாராகப் போனவனுக்காகப் பெண்டாட்டி அழுதால் அவன் தவம் கெட்டுப்போகுமாம். கடலைக்காடு, மாடு, வரி, பிள்ளையின் காய்ச்சல் எல்லாவற்றையும் பாப்பாயி தனியாக இழுத்தாள். யார் தவமும் கெடவில்லை.

"யாரு சொன்னாங்க?" என்றாள்.

பெண்களுக்குப் பின்னால் நின்ற பச்சமுத்து முன்னால் வந்தான். மூச்சுவிடுவதற்குள் சேதியை ஊரெல்லாம் பரப்பிவிடும் ஆள். "உங்க பையனை வண்டிப்பேட்டையில பார்த்தேனுங்க. தலையும் மொட்டை, மீசையும் இல்லீங்க. என்ன மயிலு இதுன்னேன். சாமியாருக்குத்தானுங்க எடுத்தேன்னான். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கறதுங்க?"

அப்பன் செத்தாலன்றி யாரும் மீசையை எடுக்கமாட்டார்கள். பாப்பாயி நின்ற இடத்திலேயே நின்றாள். போகும்போதுதான் சொல்லவில்லை, சாகும்போதாவது சொல்லியனுப்பக் கூடாதா அந்த மனுஷன்?

"உங்கண்ணனுக்கு ஆள் போயிருக்குது. கோடிச் சேலை வந்ததும் தாலிய…" என்று அங்கம்மாள் தொடங்கியபோது மயில்சாமி வண்டியோடு வந்து இறங்கினான். பளபளவென்ற மொட்டை. கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, எங்கம்மாளுக்கு என்னாச்சு?" என்று அவனும் ஒரு பாட்டம் அழத் தொடங்கினான்.

"குத்துக்கல்லாட்டம் இங்கதான்டா நிக்கறேன்! உங்கய்யனை எங்க பார்த்தே? எப்ப உசுரு போச்சு?"

"எங்கய்யனா? அவரை நான் எங்கீங்கம்மா பார்த்தேன்?"

"அப்புறம் எவனுக்குடா மொட்டை?"

"சினிமாவுக்குங்க."

மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு நின்றவனைச் சேலத்துச் சினிமாக் கம்பெனிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டாராம். புத்தர் படமாம். புத்தர் பின்னால் திருவோட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக நடக்கச் சாமியார்கள் வேண்டுமாம். தலை, மீசை இரண்டும் போயாக வேண்டுமாம். வேளாவேளைக்குச் சோறு போட்டார்களாம்.

"அப்பன் இருக்கறப்ப மீசைய எடுப்பியாடா, கூறுகெட்டவனே?"

"இருக்காரா இல்லையான்னு எனக்கெப்படீங்கம்மா தெரியும்?" என்றான் மயில்சாமி.

அங்கம்மாள் மூக்கைத் துடைத்தாள். "புத்தருங்கறது யாரு சாமி?"

"பெரிய ராசாங்க அத்தை. பொண்டாட்டி, கைக்கொழந்தை, அரமனை அத்தனையும் உட்டுப்போட்டுச் சாமியாராப் போனவருங்க. ஒலகமே கும்படற மகானுங்க."

"புண்ணியவான்!" என்று அங்கம்மாள் கைகுவித்தாள். மற்ற பெண்களும் குவித்தார்கள். பாப்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்டாட்டி என்னடா பண்றா?"

"அவங்களுக்கு வேலை கம்மிங்க. கொழந்தையக் கட்டிப்புடிச்சுட்டுத் தூங்கோணும். அவரு நின்னு பார்த்துப்போட்டுப் போயிருவாரு."

"முழிச்சப்பறம்?"

மயில்சாமி யோசித்தான். "அவங்க முழிச்சதைப் படம் புடிக்கலீங்கம்மா."

அங்கம்மாள் தலையை அள்ளி முடிந்தாள். "ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டிப்போட்டான் பச்சமுத்து. எந்திரிங்கடி. உசுரோட இருக்கற சாமியாருக்கு அழுகப்படாது, ஆவாது."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பாப்பாயி விறுவிறுவென்று போய்ப் படலைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"ஒருத்தரும் போகப்படாது. உக்காருங்க நங்கையா."

"எதுக்கு பாப்பாயி?"

"அழுகறதுக்கு. எங்கண்ணன் கோடியக் கொண்டாந்தா அப்படியே திருப்பியனுப்புங்க, தாலி பாட்டுக்கு எங்கழுத்துல கெடக்கட்டும். ஆனா நீங்க அழுகோணும்."

"செத்தது ஆருமில்லையே, ஆருக்குன்னு அழுகறது?"

"எனக்குத்தான்!" என்று கத்தினாள் பாப்பாயி. "எம்பட பக்கத்துப் பாய் காலியாக் கெடந்தன்னிக்கு ஒருத்தியாவது அழுதீங்களா? எல்லாரும் கும்புட்டீங்க. எனக்கு அழுகை அப்படியே நிக்குதுங்க நங்கையா, மார்லயே நிக்குது."

அங்கம்மாள் முடிந்த கூந்தலைத் தானே அவிழ்த்துவிட்டு, மஞ்சள்மேல் உட்கார்ந்து, தம்பி பெண்டாட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். எந்த ஒப்பாரிப் பாட்டும் அவளுக்கு வாயில் வரவில்லை. பாப்பாயி அவள் தோளில் முகத்தை வைத்து, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, வாய்விட்டு அழுதாள்.