வெள்ளிக்கிழமைக் குளிப்பு

விடியற்கால ஸுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன்பே றுஷ்தா எழுந்து, தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். குசினியில் அடுப்பு மூட்டும் உம்மாவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக ஊற்றினாள். கணவனும் மனைவியும் கூடியிருந்தால் தொழுமுன் முழுகவேண்டும்; வெள்ளிக்கு முந்திய இரவு கூடலுக்கு விசேஷம் என்பார்கள். கிண்ணியாவில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பான். வெள்ளி விடியலில் மகளின் ஈரத்தலையைக் கண்டால், அவன் விட்டுப் போகமாட்டான் என்று உம்மா ரபீக்காவுக்கு நிம்மதி.

உண்மையில் ஒன்றும் நடப்பதில்லை. கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு குடலில் ஒட்டி வளர்ந்து மாதாமாதம் றுஷ்தாவை வதைத்தது. கொழும்பில் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தபின் அந்த வதை தீர்ந்தது. ஆனால் கணவன் அஷ்ரப் நெருங்கியபோது முதலில் கீறியதுபோல் வலித்தது. பிறகு வலியுமில்லை, வேறொன்றுமில்லை. வேறு யாருடையவோ உடம்பு போலக் கிடந்தது. அவன் அதைக் கண்டு விலகிப் படுத்தான். கிளினிக்கில் மலம் ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேட்டார்கள். ஓம் என்றாள்.

அஷ்ரப் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தவளை உம்மா மறித்தாள்.

"நேத்துத்தானே புள்ள தொழுக இல்லயெண்டு சொன்ன?"

அப்போதுதான் றுஷ்தாவுக்கு உறைத்தது. மாதவிலக்கு நாளில் தொழுகை இல்லை; கணவன் நெருங்குவதும் ஹராம். பழக்கத்தில் கை வாளியை எடுத்துவிட்டது.

ரபீக்காவின் முகம் கறுத்தது. வெட்டித் தைத்த உடம்பென்றும் பாராமல், விலக்கென்றும் பாராமல் இவனெல்லாம் ஒரு மனிசனா, பள்ளியால் வரட்டும், வாப்பாவை வைத்தே கேட்கிறேன் என்று பொரிந்தாள்.

பேசாமல் நின்றால் போதும், றுஷ்தாவின் விஷயம் மூடியே இருக்கும். பழி அவன் தலையில் விழும்.

"அவர் தொடவே இல்ல உம்மா. ஒப்பரேசனுக்குப் பொறகு எனக்கு உடம்புல ஒண்டும் தெரியுதில்ல. உங்களுக்குக் கேக்கட்டுமெண்டுதான் குளிச்சன்."

"எல்லா வெள்ளியுமா?"

"ஓம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ரபீக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறன். உனக்கு வாய் ஏலாட்டி நான் கேக்கிறன். இனிச் சும்மா குளிச்சுச் சளியப் புடிச்சுக்காத."

வாசல் படலை திறந்தது. ரபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டு, மருமகனுக்கு முதலில் தேநீர் ஊற்றி வைத்தாள். அஷ்ரப் மனைவியின் ஈரத்தலையைப் பார்த்தான். எல்லா வெள்ளியும் போல ஒன்றும் கேட்கவில்லை. அவள் துவட்டிக்கொண்டே நின்றாள்.