ஏசி அறையில் ஆயுத பூஜை

எங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில்தான். அதுவும் எனக்காக அல்ல, தொண்ணூற்று மூன்றில் வாங்கிய கம்ப்யூட்டருக்காக. அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் குளிரில் எனக்கும் பங்கு கிடைத்தது.

மண் தூசி பட்டால் மிஷின் செத்துவிடும் என்று விற்றவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். முதலாளி ராஜாங்கம் உடனே சட்டம் போட்டார்: மண்ணைத் தொடுகிற யாரும் உள்ளே வரக்கூடாது. கம்பெனியில் மண்ணைத் தொடாதவர்கள் இரண்டே பேர், அவரும் நானும். அவருக்கோ குளிர் ஒத்துக்கொள்ளாது.

ஆகவே காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டரோடுதான் என் சகவாசம். நான் என்ன அடித்தாலும் 'தப்பு' என்று மட்டும் சொல்லும். வீட்டில் அப்பாவும் அதையேதான் சொல்வார் என்றாலும், நடுவில் இருமவாவது செய்வார்.

ஆயுத பூஜை அன்று மட்டும் சட்டத்துக்கு விலக்கு. எல்லோரும் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைக் கும்பிடலாம். அதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதினேன். பேரை அடித்தால், பேர் சொல்லி வணக்கம் வைத்து, 'சாப்டீங்களா?' என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் பேசும். அவர்கள் அடிக்க, எந்த எழுத்து எங்கே என்று நான் காட்ட, அப்படியே பேச்சு வளரும் என்பது திட்டம்.

வந்தார்கள். பொம்மைக்குக் கண் எழுதும் பெரியநாயகி அக்கா கையில் சந்தனக் கிண்ணம். நான் சுவிட்சில் கை வைத்தேன்.

"ஐயய்யோ சார்! இன்னிக்கு ஆயுதத்தத் தொடலாமா?"

"ஒரே நிமிஷம்க்கா. உங்க பேரச் சொல்லிக் கூப்புடும்."

"நாளைக்கிக் கூப்புடட்டும். இன்னிக்கு அதுக்கு லீவு."

"நாளைக்கி உங்கள உள்ள வுட மாட்டாங்களே?"

"அதுக்கென்னா சார், வருசத்துக்கு ஒருவாட்டி சாமி பாத்தாப் போதும்."

இருண்ட திரைக்குப் பொட்டு வைத்தார். கீபோர்டுக்கு மூன்று பொட்டு. மிச்சச் சந்தனம் என் நெற்றிக்கு. "நீங்களும் சும்மா இருக்கணும் சார்." எங்கள் இருவரையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் வெளியே போய்ப் பொரி தின்றார்கள். ஒரே சிரிப்பு. எங்கள் பங்கு உள்ளேயே ஒரு தட்டில் வந்தது.

மறுநாள் அக்கா அந்தப் பக்கம் போனபோது கண்ணாடிக் கதவைத் திறந்தேன். "யக்கா, இப்பக் கூப்புடுது. வாங்க."

"கையெல்லாம் மண்ணு சார். மிஷினுக்கு ஆவாது." தள்ளியே நின்றார்.

"நானே அடிக்கிறேன். அங்கேருந்தே பாருங்க."

"எனக்கு இங்கிலீஷு தெரியாதே. என்னாதான் கேக்குது?"

"சாப்டீங்களான்னு கேக்குதுக்கா."

சிரித்தார். "அத நீங்களே கேக்கலாமே சார்?"

எனக்குத் தோன்றவே இல்லை. "சாப்டீங்களாக்கா?" என்றேன். அவர் வாய் திறப்பதற்குள் ஆபீசிலிருந்து முதலாளி கத்தினார்.

"யாருப்பா கதவத் தொறந்து போட்டது? கம்ப்யூட்டருக்கு வேர்க்கும்!"

சாத்தினேன், உள்ளேயிருந்துதான். கண்ணாடிக்கு அப்பால் அக்காவின் வாய் அசைந்தது. சாப்பிட்டாரா இல்லையா, தெரியவில்லை.